முதியோரும் போக்குவரவும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் புலவர் பெருமக்கள் ஏறி இலக்கியச் சுவையை வாரி வழங்கியதை நாம் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். நானோ பள்ளியிறுதித் தேர்வோடு ஏட்டுப் படிப்புக்கு விடைகொடுத்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வேயில் எழுத்தனாகப் பணிபுரிந்து வருபவன். எனவே என்னிடம் இலக்கிய நயத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாறுவார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேச வந்த பொருள் மிக எளியது. ஆனால் நம் காலனியில் அது கதவைத் தட்டாத வீடு இல்லை. முதுமையினால் ஸ்கூட்டரும் காரும் ஓட்டுவதை விட்டுவிட்ட ஒருவர், அதன்பின் எப்படிப் போய்வருவது? இதுவே என் பொருள்.

"இது ஒரு பேச்சுக்கு உரிய பொருளா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, இந்தியாவில் நூற்றுக்கு எட்டு அல்லது ஒன்பது பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். நம் தாய்மாநிலமாகிய தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர். நாம் பிழைக்க வந்து வேரூன்றியிருக்கும் கேரளத்திலோ அது 12.6 விழுக்காடு. நாட்டிலேயே முதியோர் விகிதம் மிகுந்த மாநிலம் இதுதான். இவர்களுள் பலர் முப்பது நாற்பது ஆண்டுகள் இருசக்கர ஊர்தியின் கைப்பிடியைப் பற்றியவர்கள். நம் பாட்டன்மார் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் சென்றனர். பிறகு பேருந்தில் சென்றனர். அவர்களுக்குச் சாவியும் இல்லை. சாவியை இழக்கும் துயரமும் இல்லை. கைச்சாவியோடு முதுமைக்குள் நுழையும் முதல் தலைமுறை நம் தந்தையர் தலைமுறையே. அடுத்தது நாம். ஆதலால் இது பேசத்தக்க பொருளே என்பது என் துணிபு.

இனி, என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். ஊராரைப் பற்றிப் பேசுவதைவிடத் தன் குற்றத்தைத் தானே சொல்லிக்கொள்வது நேர்மை அல்லவா?

என் தந்தையார் நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். என் தாயார் மறைந்தபின் விழிஞ்ஞத்துக்கு எங்களோடு வந்து சேர்ந்தார். வரும்போது இரண்டு பொருள்களை மட்டும் விடாமல் கொண்டுவந்தார். ஒன்று என் தாயாரின் படம். மற்றொன்று அவருடைய பழைய ஸ்கூட்டர். விடியற்காலையில் அதைத் துடைத்து, உதைத்துக் கிளப்பி, சந்திப்புக்குப் போய்ச் செய்தித்தாள் வாங்கி, தேநீர் அருந்தி, மீன் வாங்கித் திரும்புவார். மாலையில் என் மகளைப் பாட்டு வகுப்பிலிருந்து அழைத்து வருவார். மலையாளம் அவருக்கு அரைகுறை. ஆனால் அந்த ஸ்கூட்டரில் இருக்கும்வரை அவருக்கு மொழியே தேவைப்படவில்லை. யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. யாருக்கும் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

2023-ஆம் ஆண்டு, கார்த்திகை மாதத்து மழைமாலை. முக்கோலையிலிருந்து விழிஞ்ஞம் நோக்கி இறங்கும் சாலை. அந்நாளில் துறைமுகக் கட்டுமானத்துக்காகக் கல்லேற்றிய டிப்பர் லாரிகள் ஓடிக்கொண்டிருந்ததை நீங்கள் அறிவீர்கள். எதிரே வந்த ஒரு லாரியின் விளக்கொளி நனைந்த சாலையில் பட்டுக் கண்ணைப் பறித்தது. தந்தையார் ஓரம் கட்ட முயன்றார். சக்கரம் மண்ணில் சறுக்கியது. பின்னிருக்கையில் என் மகள். இறைவன் அருளால் குழந்தைக்கு முழங்காலில் சிராய்ப்பு. தந்தையாருக்கு மணிக்கட்டில் சுளுக்கு. அவ்வளவோடு போயிற்று. அவ்வளவோடு போகாமல் இருந்திருந்தால் இம்மேடையில் நான் நின்றிருக்க மாட்டேன்.

அன்றிரவே சாவியை எடுத்து என் அலுவலகப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மறுவாரம் ஸ்கூட்டரை விற்றும் விட்டேன். என் கடமையைச் செய்துவிட்டதாக நிம்மதியாக உறங்கினேன்.

அதன்பின் நான்கு மாதங்கள் என் தந்தையார் எங்கள் வாயிற்கதவைத் தாண்டவில்லை. செய்தித்தாளை வீட்டிற்கே வரவழைத்தேன், பாதிதான் படிப்பார். மீன் வாங்கும் பொறுப்பு என் மனைவிக்கு வந்தது. பாட்டு வகுப்பு நின்றது. பேச்சுக் குறைந்தது, உணவும் குறைந்தது. "வயதாகிறது, அப்படித்தான் இருக்கும்" என்று நாங்கள் எங்களையே தேற்றிக்கொண்டோம். ஒருநாள் இரவு அவர் சொன்னார்: "மக்கா, சாவியை எடுத்தாய், அது சரிதான். நானே கொடுத்திருக்க வேண்டும். ஆனால் இனி நான் எப்படிப் போகவேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னாயா?"

பெரியோர்களே, அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அதைத் தேடிப் போனதன் பயனே இந்தச் சொற்பொழிவு.

விடையின் முதற்பாதி என் அலுவலகத்திலேயே கிடந்தது. இரயில் இயந்திரம் ஓட்டுவோருக்குக் கண்பார்வையே உயிர்நாடி. ஆகவே 45 வயது வரை நான்கு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் 55 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பின்னர் ஓய்வு பெறும் வரை ஆண்டுதோறும் அவர்கள் மருத்துவச் சோதனைக்கு உட்படவேண்டும் என்பது விதி. பார்வை குறைந்தது என்று மருத்துவர் எழுதிவிட்டால், அவர் எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராயினும் இயந்திரத்தைவிட்டு இறங்கித்தான் ஆகவேண்டும். ஆனால் கேளுங்கள்: அவரை வீட்டுக்குப் போ என்று அனுப்புவதில்லை. ஊதியம் குறையாமல், தகுதிக்கேற்ற வேறொரு பணியைத் தேடித் தருகிறார்கள். அப்படி இயந்திரத்தைவிட்டு இறங்கிய ஒருவர் எங்கள் அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசையிலேயே அமர்ந்திருக்கிறார். அவரை நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரயில்வேக்குத் தெரிந்த நியாயம் இரயில்வே எழுத்தனாகிய எனக்கு என் வீட்டில் தெரியாமல் போயிற்று. இயந்திரத்தை வாங்கினால் நாற்காலி ஒன்று தரவேண்டும். நான் இயந்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

இனி, ஊர்தி ஓட்டுவதை எப்போது நிறுத்துவது என்னும் கேள்விக்கு வருவோம்.

சட்டம் இதற்கு வயதெல்லை வகுக்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பெற்றது. அதன்படி, சொந்த ஊர்தி ஓட்டுவோருள் 55 வயதைக் கடந்தவருக்கு உரிமம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. 40 வயதைக் கடந்தோர் மருத்துவச் சான்று தரவேண்டும். காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் விட்டுவிட்டால் மீண்டும் ஓட்டிக் காட்டவேண்டும். இவ்வளவே. எண்பது வயதிலும் உரிமம் பெறலாம்; அது குற்றமும் அன்று. எழுபது வயதில் திறம்பட ஓட்டுவோரும் உளர். ஐம்பத்தைந்திலேயே தடுமாறுவோரும் உளர். ஆகவே வயதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அறிகுறிகளைக் கண்டு விழிப்படைய வேண்டும்.

அறிகுறிகள் எவை? கண்ணை முதலில் எடுத்துக்கொள்வோம். அறுபது வயதுடையவரின் கண்ணுக்குள், இருபது வயதினரின் கண்ணுக்குள் செல்லும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கே விழித்திரையை எட்டுகிறது என்று மருத்துவ நூலார் கூறுவர். கருவிழிப் பாவை சுருங்குவதும் வில்லை மஞ்சளிப்பதும் இதற்குக் காரணம். எனவே பகலில் நன்றாகத் தெரிபவருக்கும் இரவில் தெரியாது. எதிர்விளக்கின் கூச்சம் நீங்கி மீண்டும் பார்வை தெளிய அவருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். கண்புரை இருந்தால் கூச்சம் இன்னும் மிகும். கண் அழுத்த நோய் இருந்தால், எதிரே உள்ளது தெரியும். பக்கவாட்டில் வருவது தெரியாது. அடுத்தது கழுத்து. திரும்பிப் பார்க்க முடியாதவர் திரும்பாமலே வண்டியைத் திருப்பிவிடுவார். மூன்றாவது மருந்து. தூக்க மாத்திரை, சளிக்குத் தரும் சில மாத்திரைகள் ஆகியவை கவனத்தை மந்தப்படுத்தும். இவற்றோடு, வண்டியில் புதுப்புதுக் கீறல்கள், பழகிய சந்திப்பில் தயக்கம், பின்னால் வருவோர் அடிக்கடி ஒலியெழுப்புதல் ஆகியவற்றைக் கண்டால், வீட்டார் பேசவேண்டிய வேளை வந்துவிட்டது என்று கொள்க. என் தந்தையாரின் ஸ்கூட்டரில் கீறல்கள் இருந்தன. நான் அவற்றைப் பார்த்தேன், பார்த்தும் பேசவில்லை. கண் கெட்ட பின் சூரிய வணக்கம் என்பது என் வரையில் பழமொழியாக நிற்கவில்லை, நடந்த கதையாயிற்று.

இதை அற்பம் என எண்ணவேண்டாம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பது அரசின் கணக்கு. அவர்களில் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேருக்குமேல் இருசக்கர ஊர்தியில் சென்றவர்கள். இவர்கள் அனைவரும் முதியோர் என்று நான் கூறவில்லை, பெரும்பாலோர் இளைஞரே. ஆனால் அதே சாலையில்தான் நம் முதியோரும், இரண்டே சக்கரத்தின்மீது, நம் குழந்தைகளைப் பின்னே அமர்த்திக்கொண்டு செல்கின்றனர்.

அரண்மனையிலும் இதே கதைதான் என்றால் நம்புவீர்களா? இங்கிலாந்து அரசியாரின் கணவர் பிலிப் கோமகன், 2019 ஜனவரி 17-ஆம் நாள், தமது 97-ஆம் வயதில், தாமே கார் ஓட்டிச் சென்றபோது சான்ட்ரிங்காம் அருகே மற்றொரு காரோடு மோதினார். அவருடைய கார் கவிழ்ந்தது. எதிர்க்காரில் இருந்த பெண்மணியருக்குக் காயம். அதிலிருந்த கைக்குழந்தை தப்பியது. தாழ்ந்திருந்த கதிரவனின் ஒளி கண்ணை மறைத்திருக்கலாம் என்று அவர் பின்னர் வருத்தம் தெரிவித்து எழுதினார். அடுத்த மாதம் 9-ஆம் நாள் தம் உரிமத்தைத் தாமே ஒப்படைத்தார். அவருக்கு ஏவலுக்கு ஓட்டுநர்கள் இல்லையா? கார்கள் இல்லையா? எல்லாம் இருந்தும் தன் கையால் ஓட்டுவதை விட அவருக்கு மனம் வரவில்லை. நாகர்கோவிலில் கணக்கெழுதியவருக்கும் அரண்மனையில் வாழ்ந்தவருக்கும் அந்தக் கைப்பிடியின்மீது இருந்த ஆசை ஒன்றே. ஆகவே முதியவர் பிடிவாதம் செய்கிறார் என்று சினம் கொள்ளாதீர்கள்.

அந்த ஆசையின் உட்பொருள் என்ன? வண்டியின்மீதுள்ள மோகம் அன்று. நினைத்தவுடன் எழுந்து போகும் உரிமை. அமெரிக்காவில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, எழுபது முதல் எழுபத்துநான்கு வயதுவரை உள்ள ஓட்டுநர்கள், ஓட்டுவதை நிறுத்தியபின் ஆடவராயின் ஏறத்தாழ 7 ஆண்டுகளும், பெண்டிராயின் ஏறத்தாழ 10 ஆண்டுகளும் வாழ்கின்றனர். ஏழாண்டு, பத்தாண்டு என்பது சிறு காலமா? கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியிட்ட கட்டுரையில், ஓட்டுவதை நிறுத்திய முதியோருக்கு மனச்சோர்வு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு ஆகிறது என்று கூறுகின்றனர். அதைப் படித்தபோது, பாதி படித்து மடித்து வைத்த செய்தித்தாள் என் கண்முன் வந்தது.

ஓய்வூதியத்துக்கு நாம் முப்பது ஆண்டுகள் முன்பே திட்டமிடுகிறோம். ஓட்டுவதிலிருந்து பெறும் ஓய்வுக்கு யார் திட்டமிடுகிறோம்?

திட்டமிட்ட நாடுகளும் உண்டு. சப்பானில் 1998-ஆம் ஆண்டு முதல் முதியோர் தம் உரிமத்தைத் தாமே திருப்பி அளிக்கும் முறை உள்ளது. அளித்தவர் விரும்பினால் இத்தனை ஆண்டு ஓட்டினார் என்று காட்டும் ஒரு சான்றட்டையைப் பெறலாம். அதை அடையாளச் சீட்டாகப் பயன்படுத்தலாம். பல ஊர்களில் அதைக் காட்டிப் பேருந்திலும் வாடகைக் காரிலும் கட்டணச் சலுகை பெறலாம். 2019-இல் தோக்கியோ நகரில் 87 வயது முதியவர் ஓட்டிய கார் மோதி ஓர் இளந்தாயும் மூன்று வயது மகளும் மாண்டனர். அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் உரிமத்தைத் திருப்பி அளித்தனர். அதே தோக்கியோவை அடுத்த முசாசினோ நகராட்சி, பெரிய பேருந்து நுழையாத தெருக்களில் 1995 முதல் சிறு பேருந்துகளை விட்டு வருகிறது. நிறுத்தங்கள் ஏறத்தாழ 200 மீட்டருக்கு ஒன்று. முதியோர் நடக்கக்கூடிய தூரத்தை அளந்து வைத்த நிறுத்தங்கள் அவை. நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரில் 2009 முதல், சாலை கடக்கும் முதியவர் தம் அட்டையைக் கம்பத்தில் காட்டினால் பச்சை விளக்குச் சில நொடிகள் கூடுதலாக எரிகிறது. சாவியை வாங்கிய கை, மற்றொன்றைக் கொடுக்கிறது. இதுதான் அவர்களிடம் நாம் கற்கவேண்டிய பாடம்.

நம்மிடம் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. பேருந்து இருக்கிறது. நம் மண்ணில் அதன் வரலாறு பழையது. 1938 பிப்ரவரி 20-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் அரசுப் போக்குவரவைத் தொடங்கி வைத்தார். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் தடம், முதன்முதலில் அரசின் கைக்கு வந்த தடங்களுள் ஒன்று. அந்நாளில் நாஞ்சில் நாட்டுத் தமிழர் தலைநகருக்கு வந்துபோன தடம் அது. அந்த அமைப்பே 1965-இல் இன்றைய கேரள மாநிலச் சாலைப் போக்குவரவுக் கழகமாயிற்று. இன்றும் விழிஞ்ஞத்திலிருந்து கோவளம் வழியாகக் கிழக்கேகோட்டைக்குப் பேருந்துகள் ஓடுகின்றன. தம்பானூர் இரயில் நிலையம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். நான் நாள்தோறும் சென்று வருவது அப்பேருந்தில்தான். ஆனால் என் தந்தையார் ஏன் அதில் ஏறவில்லை?

கேட்டேன். அவர் தந்த விடைகள் மூன்று. முதலாவது: "பலகையில் எழுதியிருப்பது எனக்குப் படிக்கத் தெரியாது." முப்பதாண்டு கணக்கெழுதிய மனிதருக்கு, எழுத்தறியாதவர் போலப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்க நாணம். தமிழராகிய நம் முதியோர் பலருக்கும் இந்நாணம் உண்டு, வெளியில் சொல்வதில்லை. இரண்டாவது: "படி உயரம், ஏறுமுன் வண்டி நகர்ந்துவிடுகிறது." ஒருமுறை அவர் ஒரு கால் வைத்தபோதே வண்டி கிளம்பியதாம். எந்த வண்டி என்று நான் கூறப்போவதில்லை. எல்லா ஊரிலும் நடப்பதே. மூன்றாவது: "நிறுத்தத்துக்கு ஏறிப்போகும் மேட்டில் மூச்சு வாங்குகிறது, வழியில் உட்கார ஒரு திண்ணை இல்லை."

மூன்றும் தீர்க்க இயலாத துன்பங்களா? இல்லை. நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

என் மகள் ஒரு கெட்டி அட்டையில் ஐந்து ஊர்ப்பெயர்களை எழுதினாள். விழிஞ்ஞம், கோவளம், கிழக்கேகோட்டை, தம்பானூர், பூவாறு. மேலே மலையாள எழுத்து. கீழே தமிழ் எழுத்து. "தாத்தா, எழுத்தைப் படிக்கவேண்டாம், உருவத்தைப் பாருங்கள்" என்றாள். பத்து நாளில் அவருக்கு அட்டை தேவைப்படவில்லை. இன்று கடைப்பலகைகளையும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். தமிழும் மலையாளமும் உடன்பிறந்தவை என்று நாம் மேடையில் முழங்குவதை, எழுபத்தோராவது வயதில் பேருந்து நிறுத்தத்தில் நின்று அவர் மெய்ப்பித்தார்.

அடுத்து, நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் நானும் அவரும் சேர்ந்து பேருந்தில் சென்றோம். முதல் ஞாயிறு நான் முன்னே, அவர் பின்னே. இரண்டாம் ஞாயிறு அவர் சீட்டு வாங்கினார். மூன்றாம் ஞாயிறு அவர் முன்னே, நான் பின்னே. நான்காம் ஞாயிறு நான் நிறுத்தத்தில் நின்றுகொண்டேன். அவர் மட்டும் போய் வந்தார். கூட்டமில்லாத வேளை முற்பகல் பதினொரு மணி என்று கண்டுகொண்டார். முதியோருக்கென ஒதுக்கிய இருக்கையை உரிமையோடு கேட்கவும் கற்றுக்கொண்டார். ஏறுவதற்கு முன் நடத்துநரைப் பார்த்துக் கையை உயர்த்தினால் வண்டி நிற்கும் என்பதும் தெரிந்தது. ஸ்கூட்டர் ஓட்ட அவரை யாரோ ஒருவர் வாரக்கணக்கில் உடனிருந்து பழக்கியிருப்பார் அல்லவா? பேருந்தில் போகவும் பழக்கம் வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

மேட்டுக்கு மருந்து ஆட்டோ. "ஆட்டோவுக்குக் காசை வீணாக்குவதா?" என்பது நம் முதியோரின் முதற்கேள்வி. ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். ஸ்கூட்டருக்குப் பெட்ரோல், காப்பீடு, பழுதுபார்ப்பு, டயர் என்று ஆண்டுக்குச் செலவானதை ஒரு பக்கமும், வாரம் இரண்டுமுறை ஆட்டோவுக்கு ஆகும் செலவை மறுபக்கமும் எழுதினோம். கணக்கெழுதிய கை அல்லவா! இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அவரே கோடிட்டு முடித்தார். வண்டி விற்ற பணத்தைத் தனியே ஒரு பெட்டியில் வைத்து, "இது அப்பாவின் வழிச்செலவு" என்று எழுதி ஒட்டினேன். கேட்டு வாங்கும் நிலை அவருக்கு வரக்கூடாது. இதைப் பிள்ளைகள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தொலைவழிப் பயணத்தைப் பற்றி எங்கள் சன்னலில் முதியோர் கேட்பதற்கும் இங்கேயே விடை கூறிவிடுகிறேன். மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச் 20 முதல் நிறுத்தப்பட்டது. அதைப் பற்றி ஓர் எழுத்தன் வருந்தலாமே ஒழிய வேறு செய்ய இயலாது. ஆனால் அறுபது கடந்த ஆடவருக்கும் நாற்பத்தைந்து கடந்த மகளிருக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. இது தனியாகவோ இருவராகவோ செல்வோருக்கு. குடும்பத்தார் அனைவரையும் ஒரே சீட்டில் எழுதிவிட்டு, "அப்பாவுக்கு மேல்படுக்கை கிடைத்துவிட்டதே" என்று பின்னர் நொந்துகொள்வோர் பலர். முதியவர்க்குத் தனிச்சீட்டு எழுதுங்கள். ஓய்வூதியம் பெறுவோர் நவம்பரில் தரவேண்டிய உயிர்ச்சான்றினை 2014 முதல் விரல்ரேகை வைத்து மின்வழியிலும் தரலாம். அஞ்சல்காரர் வீட்டிற்கே வந்தும் பதிவு செய்கிறார். ஆயினும் ஒன்று சொல்வேன். நடக்க முடிந்தவரை வங்கிக்குப் போகவிடுங்கள். முதியவர் வங்கிக்குப் போவது பணத்துக்காக மட்டும் அன்று. நாலு முகத்தைப் பார்க்கவும்தான்.

இவ்வளவும் ஒரு வீட்டார் செய்துகொள்ளக் கூடியவை. காலனியார் சேர்ந்து செய்யக்கூடியவற்றைச் சங்கத்தின் முன் நான்கு வேண்டுகோளாக வைக்கிறேன்.

ஒன்று: வாரத்தில் இரண்டு நாள், முற்பகலில், நம் முதியோருக்காக ஓர் ஆட்டோவைப் பேசி அமர்த்துவோம். மருத்துவமனை, வங்கி, சந்தை, கோயில் என்று மூவர் மூவராகப் போய்வரலாம். செலவைப் பகிர்ந்தால் பேருந்துக் கட்டணத்தைவிடச் சற்றே கூடுதலாகும், அவ்வளவே.

இரண்டு: நிறுத்தத்துக்கு ஏறும் மேட்டில், பாதி வழியில், இரண்டு சிமெந்துத் திண்ணைகள். மாநகராட்சி மன்ற உறுப்பினரிடம் எழுதிக் கேட்போம். இடம் தர இசைந்தால் செலவை நாமே ஏற்போம்.

மூன்று: சங்கத்தின் மாலைக் கூட்டங்களை ஏழு மணிக்குத் தொடங்கி இருட்டில் முடிப்பதை விடுத்து, நான்கு மணிக்குத் தொடங்குவோம். இருட்டில் ஓட்டக்கூடாது என்று முதியோருக்கு அறிவுரை கூறிவிட்டு, இருட்டிய பின் கூட்டம் வைத்தால் அவர்கள் வரவேண்டாம் என்று சொன்னதாகாதா?

நான்கு: நம் பிள்ளைகளைக் கொண்டு, மலையாளமும் தமிழும் எழுதிய ஊர்ப்பெயர் அட்டைகளை வீட்டுக்கு ஒன்றாகத் தயாரிப்போம். இதற்குக் காசே வேண்டாம்.

இறுதியாக, இங்கே அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கு ஒரு சொல்.

நம் விழிஞ்ஞத்துத் துறைமுகப் பணி 2015 டிசம்பரில் தொடங்கி, 2024 ஜூலையில் முதற்பெருங்கப்பல் வந்தணைந்ததையும், 2025 மே 2-ஆம் நாள் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டதையும் கண்டோம். கடலே அஞ்சும் பெருங்கப்பல்கள் அவை. ஏழு கடலைக் கடந்துவந்த கப்பல் தலைவன்கூட, துறைமுகத்தை நெருங்கியதும் வழிகாட்டி ஒருவரைத் தன் மேடைக்கு ஏற்றிக்கொள்கிறான். இழுவைப் படகுகள் இருபுறமும் தாங்க, கரை சேர்கிறான். அதனால் அவன் பெருமை குறைந்ததென்று யாரேனும் சொல்வாரா? இன்னும் அருகே, நம் கடற்கரையிலே பாருங்கள். ஆழ்கடலுக்குப் போகும் வலிமை குன்றிய மீனவர், வீட்டினுள் முடங்குவதில்லை. கரையில் வலை பழுது பார்க்கிறார். கரமடி இழுக்கும் வரிசையில் கயிற்றைப் பற்றி நிற்கிறார். படகை விட்டார்; கடலை விடவில்லை. நீங்களும் வண்டியை விடுங்கள்; ஊரை விடாதீர்கள். இருட்டில் ஓட்டுவதை இவ்வாண்டே விடலாம், பிறகு மழையில், பிறகு பெருஞ்சாலையில். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வாரம் ஒருநாள் பேருந்தில் போய்ப் பழகலாம். பிறர் பிடுங்குமுன் தாமே கொடுத்த சாவிக்கு மதிப்பு அதிகம்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பெற்றோரிடமிருந்து சாவியை வாங்கவேண்டிய நாள் உங்களுக்கும் வரும். அன்று வெறுங்கையோடு போகாதீர்கள். நான் போனேன். நான்கு மாதம் என் தந்தையாரின் நடமாட்டத்தைத் தின்றேன். அந்த நாள்களை அவருக்கு நான் திருப்பித் தர இயலாது.

இன்று பிற்பகல் விழாவுக்கு அழைத்துவர, நண்பர் ஒருவரின் காரை ஏற்பாடு செய்திருந்தேன். வீட்டுக்குப் போனால் தந்தையாரைக் காணோம். பதறிக்கொண்டு இங்கே வந்தேன். கிழக்கேகோட்டைக்குப் போய், விழாவுக்கென்று மாலை ஒன்று வாங்கிக்கொண்டு, பேருந்திலேயே திரும்பி, எனக்கு முன்பாகவே இந்த முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். தலைவர் அவர்களின் கழுத்தில் இப்போது விளங்குவது அந்த மாலைதான்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!